இரவில் வண்டி நிற்குமிடம்

ஜீடிமெட்லாவில் இரவு பத்து மணிக்குமேல் சாலையின் அகலம் பாதியாகிவிடும். தொழிற்பேட்டைத் தெருக்களின் இரு மருங்கிலும் லாரிகள் வரிசையாக வந்து நின்றுவிடும். ஆலையின் கதவு காலையில்தான் திறக்கும்; சரக்கு இறங்கும் வரையில் லாரிக்கும் வேறு போக்கிடம் இல்லை, லாரிக்காரருக்கும் இல்லை. சிலர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். சிலர் ஸ்டவ் மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய வண்டி கண்ணில் பட்டால் நான் ஒரு நிமிடம் நின்று பேச்சுக் கொடுப்பதுண்டு. "நாமக்கல்லா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமாங்க" என்ற பதிலே வரும்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது லாரிகளைப் பற்றி அன்று. விடுமுறைக்காக ஊர்ப்புறத்துக்குப் போகிறவர்களின் வண்டிகளைப் பற்றி. ஆயினும் இரண்டுக்கும் உள்ள கேள்வி ஒன்றே. பகலெல்லாம் ஓடிய வண்டி இரவில் எங்கே நிற்பது? அவ்வாறு நிற்கும்போது அதற்குப் பொறுப்பு யாருடையது?

ஹைதராபாத்தின் உல்லாச இடங்கள் பெரும்பாலும் நகரின் விளிம்பிலேயே அமைந்திருக்கின்றன. 1996இல் தொடங்கிய ராமோஜி திரைப்பட நகரம் விஜயவாடா சாலையில் இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்கா ராவிரியாலாவில், வெளிவட்டச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஷாமீர்பேட்டை ஏரியின் பக்கம் ரிசார்ட்டுகள் பல உண்டு. 158 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வெளிவட்டச் சாலை, நகருக்குள் நுழையாமலே இவ்விடங்களுக்குப் போக வழி செய்துவிட்டது. கார் உள்ளவர் காரில் போகிறார். இல்லாதவர் நாலு பேராகச் சேர்ந்து வாடகை வேன் பேசிக்கொள்கிறார். எப்படிப் போனாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வண்டியை ஓரிரவு நிறுத்தியாக வேண்டும்.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று குடும்பத்தினர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு அவ்வாறான ஒரு விடுதிக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. வாசலில் இருந்த காவலர், பிரயாணிகளை இறக்கிவிட்டு வேன் வெளியே போய்விட வேண்டும் என்றார். விருந்தினரின் சொந்தக் கார்களுக்கு மட்டுமே உள்ளே இடமாம்; வாடகை வண்டிக்கும் இல்லை, அதன் ஓட்டுநருக்கும் இல்லை. ஓட்டுநர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சாதுவான மனிதர். "பரவாயில்லை சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மதிற்சுவருக்கு அப்பால் சாலையோரத்தில் வேனை நிறுத்தினார். நாங்களும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டோம். அவர் எங்கே சாப்பிடுவார், எங்கே படுப்பார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேனுக்குள் புழுக்கம் தாங்காமல் அவர் நள்ளிரவுக்குமேல் சற்றுத் தொலைவிலிருந்த தேநீர்க்கடைக் கட்டிலில் போய்ப் படுத்திருக்கிறார். விடிந்து வந்து பார்த்தால் வேன் இல்லை. திருட்டுப் போயிற்று என்றே எண்ணி, நடுங்கிய குரலில் எங்களுக்குத் தொலைபேசி செய்தார். இரண்டு மணி நேர அலைச்சலுக்குப் பிறகுதான், போக்குவரத்துப் போலீசார் கிரேன் கொண்டு அதை இழுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. வாசல் காவலர் அதைக் கண்ணால் பார்த்திருந்தார். ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும்படி அவருக்கு யாரும் உத்தரவு கொடுத்திருக்கவில்லை.

போலீசார்மீது குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேன் நின்ற இடம் ஒரு வளைவு. வேகமாக வரும் வண்டிக்கு இருட்டில் அது தெரிந்திராது. நிறுத்தத்தகாத இடம் என்று அறிவிக்கும் பலகையும் அங்கே இருந்தது. மரக்கிளை அதைப் பாதி மறைத்திருந்தது, அவ்வளவுதான். அபராதத்தையும் இழுத்துச் சென்ற கூலியையும் கட்டி, ரசீது பெற்று, வண்டியை மீட்டபோது மணி பதினொன்று. வேனின் முதலாளி அந்தத் தொகையை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் மூன்று குடும்பத்தாரும் அதைப் பகிர்ந்து கொடுத்துவிட்டோம். ஆனால் அன்று மாலை அவருக்குக் கிடைக்க வேண்டியிருந்த இன்னொரு சவாரி போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்தபின் இதைப் பற்றிய சட்டங்களைத் தேடிப் படித்தேன். மொழிபெயர்ப்பே என் தொழிலாகையால் சட்ட வாசகங்களைப் படிப்பதில் எனக்கு அலுப்பு இல்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 127ஆம் பிரிவு வண்டிகளை அகற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், நிறுத்துதல் சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டிடவோ, அந்த இடத்தில் அதிகாரம் பெற்ற, சீருடையணிந்த போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். கேட்பாரற்றோ, உடைந்தோ, எரிந்தோ கிடக்கும் வண்டி போக்குவரத்துக்கு அபாயம் விளைவித்தால் அதை உடனே அகற்றலாம். இழுத்துச் செல்லும் செலவு, மற்ற தண்டனை நீங்கலாக, வண்டியின் உரிமையாளரைச் சேரும்.

இந்தப் பத்து மணி நேரக் கணக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பத்து மணி நேரம் வரையில் எங்கு வேண்டுமானாலும் வண்டியை விட்டுவைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தடை செய்த இடமானால் பத்து நிமிடமும் அதிகம்தான். வளைவு, சாலைச் சந்திப்பு, பாலம், நடைபாதை, பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாயில் ஆகிய இடங்களில் பலகை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் விலகிப் போவதே முறை. பிறருக்கு அபாயமோ இடைஞ்சலோ ஏற்படும் வகையில் வண்டியை விட்டுச் செல்லக்கூடாது என்று அதே சட்டத்தின் 122ஆம் பிரிவு பொதுவாகவே விதிக்கிறது. நிறுத்திய இடத்தில் வண்டி காணப்படாவிட்டால், திருடன் கொண்டு போய்விட்டான் என்று முடிவு செய்வதற்கு முன்னர் 112க்கோ, அப்பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கோ வண்டியின் எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். எங்கள் ஓட்டுநர் அதைச் செய்திருந்தால் இரண்டு மணி நேரக் கலக்கம் மிச்சமாகியிருக்கும்.

இதே சட்டத்தின் 117ஆம் பிரிவை அவ்வளவு பேர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. வண்டிகள் நிற்பதற்கான இடங்களை மாநில அரசு, உள்ளாட்சி மன்றத்தைக் கலந்து, வரையறுத்துக் கொடுக்கலாம் என்கிறது அது. இழுத்துச் செல்லும் அதிகாரத்தைக் கொடுத்த சட்டமே இடம் குறித்துக் கொடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. முன்னது அன்றாடம் பயன்படுகிறது. பின்னது அவ்வளவாகப் பயன்படக் காணோம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டின் பழைய ஊர்கள் பலவற்றில் வண்டிப்பேட்டை என்று ஓரிடம் உண்டு. சந்தைக்கு வந்த மாட்டுவண்டிகள் இரவு தங்கும் இடம் அது. மாட்டை அவிழ்த்துக் கட்ட முளையும், தண்ணீர்த் தொட்டியும், வண்டிக்காரர் தலைசாய்க்கத் திண்ணையும் இருக்கும். அதற்கு ஒரு சிறு கட்டணம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இத்தகைய வண்டிப்பேட்டைகளை நகராட்சி அமைத்துக் கட்டணம் பெறலாம் என்று அனுமதித்தது. அவ்வாறு பேட்டை அமைத்த நகராட்சி, அதற்குக் குறிப்பிட்ட தொலைவுக்குள் தெருவோரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடை செய்யவும் இடம் கொடுத்தது. வரிசையைக் கவனியுங்கள்: பேட்டை முதலில், தடை பிறகு. எங்கள் வேன் நின்ற வளைவில் தடை மட்டுமே இருந்தது.

இனி, மதிற்சுவருக்கு உள்ளே போவோம். அங்கே நிலைமை வேறு.

சத்திரத்தில் தங்கியவனின் குதிரை காணாமற்போனால் யார் பொறுப்பு என்ற வழக்கு இங்கிலாந்தில் 1584இலேயே நடந்திருக்கிறது. காலி வழக்கு என்று அதற்குப் பெயர். குதிரையை மேய்ச்சலுக்கு விடும்படி விருந்தாளியே சொல்லியிருந்தால் சத்திரக்காரர் பொறுப்பாகமாட்டார்; அவராகவே கொண்டுபோய் மேய்ச்சலில் விட்டிருந்தால் பொறுப்பாவார் என்று அதில் விதி வகுக்கப்பட்டது. நம் நாட்டில் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், சராயில் தங்கும் மனிதர்களுக்கு மட்டுமின்றி, அங்கே விடப்படும் கால்நடைகளுக்கும் வண்டிகளுக்கும் காவலாக மாஜிஸ்திரேட் போதுமெனக் கருதும் அளவு காவற்காரரை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. கட்டண விவரத்தை எல்லோரும் காண எழுதித் தொங்கவிட வேண்டும் என்றும் விதித்தது. குதிரை போய்க் கார் வந்தபின்னும் கேள்வி மாறவில்லை.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, இரவு சுமார் பதினொரு மணிக்கு டில்லியில் தாஜ்மகால் ஹோட்டலுக்கு ஒருவர் தமது மாருதி ஜென் காரில் வந்தார். வாசலில் வண்டியை வாங்கிக்கொண்டு போய் நிறுத்தும் பணியாளரிடம் காரையும் சாவியையும் ஒப்படைத்தார். அதற்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்ட சீட்டில், வண்டி விருந்தினரின் சொந்தப் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது, தொலைந்தாலும் சேதமடைந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்தது. இரவு ஒரு மணிக்கு அவர் வெளியே வந்தபோது, அவருடைய காரை வேறொருவர் ஓட்டிச் சென்றுவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. மூன்று இளைஞர்கள் வேறொரு காரில் வந்து அதே பணியாளரிடம் அதை விட்டிருந்தனர். திரும்பி வந்து தங்கள் காரைக் கேட்டார்கள். அதைக் கொண்டுவரும் சந்தடியில் அவர்களில் ஒருவன் இந்தக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கார் திரும்பக் கிடைக்கவே இல்லை.

காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவருடன் சேர்ந்து ஹோட்டலின் மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டது. வழக்கு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம் சென்றது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி நீதிபதிகள் மோகன் சாந்தனகௌடரும் அஜய் ரஸ்தோகியும் தீர்ப்பளித்தனர். கார் தொலைந்து அப்போது இருபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தத் தீர்ப்பை நான் முழுமையாகப் படித்தேன். அதன் சாரம் இது. வண்டியையும் சாவியையும் ஹோட்டல் பணியாளரிடம் கொடுப்பது, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறும் ஒப்படைப்பு ஆகும். அவ்வாறு ஒரு பொருளை ஏற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகக் காப்பாரோ அவ்வளவு கவனமாக அதைக் காக்க வேண்டும். வண்டி திரும்ப வராவிட்டால், தம் பக்கத்தில் அசட்டை இல்லை என்பதைக் காட்ட வேண்டிய சுமை முதலில் ஹோட்டலையே சேரும். சீட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும், தம் ஊழியரின் அசட்டையால் விளைந்த நஷ்டத்திலிருந்து ஹோட்டல் விலகிக்கொள்ள முடியாது. இது இலவச சேவை என்ற வாதமும் எடுபடவில்லை. அதன் செலவு அறை வாடகையிலும் உணவு விலையிலும் அடங்கியே இருக்கிறது என்றது நீதிமன்றம். அதே சமயம், எது நேர்ந்தாலும் ஹோட்டலே பொறுப்பு என்ற பழைய ஆங்கிலக் கடுமையையும் அது ஏற்கவில்லை. தாங்கள் உரிய கவனம் எடுத்தும் தங்கள் கைக்கு மீறி நடந்தது என்று ஹோட்டல் நிரூபித்தால் அது தப்பலாம்.

இங்கே என் தொழில் சம்பந்தமான ஒரு வார்த்தை. 'சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்' என்ற பலகையை நாம் சைக்கிள் ஸ்டாண்டு காலத்திலிருந்தே பார்த்து வருகிறோம். தமிழில் பொறுப்பு என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. நஷ்டம் யாரைச் சேரும் என்பதும் பொறுப்பு. காவல் காக்கும் கடமையும் பொறுப்பு. ஈடு கொடுக்கும் கடனும் பொறுப்பு. பலகையைப் படிக்கும் நாம் மூன்றையும் ஒருங்கே கைகழுவி விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போகிறோம். நீதிமன்றம் அவற்றைப் பிரித்துப் பார்த்தது. இதை மொழிபெயர்க்க நேர்ந்தால் நான் ஒரு சொல்லுக்கு மூன்று சொற்களையே இடுவேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவ்வளவு பாதுகாப்பும், வண்டியை ஒப்படைத்தோம் என்று காட்டக்கூடியவருக்கே. நாமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டால், அங்கே கிடைத்தது இடம் மட்டுமே என்று எதிர்த்தரப்பினர் வாதிடலாம். சீட்டைக் கிழித்து எறிந்துவிடாமல் வைத்துக்கொள்வதும், அதில் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான் அவசியமாகிறது. பகலில் மட்டும் திறந்திருக்கும் பூங்காக்களில் இந்தச் சிக்கல் இன்னொரு விதமாக வரும். வாசல் மூடும் நேரத்துக்குமேல் வண்டி நிற்பதற்கு அங்கே கட்டணமும் வாங்குவதில்லை, இசைவும் தருவதில்லை. பூங்காவை ஒட்டி அவர்களுடைய தங்கும் விடுதி இருந்தாலும் பூங்காவின் வண்டித்தலத்தையும் விடுதியின் வண்டித்தலத்தையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

கட்டண விஷயத்தில் தெலங்கானா அரசு 2018 மார்ச்சில் ஓர் ஆணை பிறப்பித்தது. வணிக வளாகங்களிலும் மால்களிலும் மல்டிபிளெக்ஸ்களிலும் முதல் அரை மணி நேரத்துக்குக் கட்டணம் கூடாது என்றும், அதற்குமேல் அங்கே பொருள் வாங்கிய ரசீதைக் காட்டினால் இன்னின்ன அளவில் கட்டணம் தள்ளுபடி என்றும் அது வகுத்தது. ரிசார்ட்டில் இரவு தங்கும் வண்டிக்கு இந்த ஆணையைச் சுட்டிக்காட்டி வாதாடப் புறப்படுவது பயன் தராது. வெளிநாட்டிலும் இது பிணக்குக்குரிய விஷயமாகவே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபிளாரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டு, தன் சொந்த விடுதிகளில் தங்குவோரின் கார்களுக்கு 2018இல் இராக்கட்டணம் விதிக்கத் தொடங்கி, 2023 ஜனவரியில் அதைக் கைவிட்டது. அறைக்குப் பணம் கொடுத்தவனிடம் அவன் கார் தூங்குவதற்கும் பணம் கேட்பதை அந்நாட்டாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை போலும்!

தனியார் நிலத்தில் நிற்கும் வண்டியை அந்த இடத்துக்காரரே இழுத்து அப்புறப்படுத்தலாமா? கலிபோர்னியாவில் குறித்த அளவில் அறிவிப்புப் பலகை வைத்திருந்து, போலீசாருக்கும் தகவல் கொடுத்தால் முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்டப்படியான அதிகாரம் இல்லாதவர் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டு இடுவதும் வண்டியை அகற்றுவதும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாயிற்று. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவோ பொது இடத்தைப் பற்றியது. அதிகாரத்தைச் சீருடையணிந்த போலீஸ் அதிகாரிக்கே கொடுக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பொது இடம் என்ற தொடருக்கு நீதிமன்றங்கள் விரிவாகவே பொருள் கொண்டிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் விடுதிக் காவலர் சங்கிலி போட்டு ஒருவர் காரை இழுத்தால், அந்தப் பிரிவு அவருக்குத் துணை வராது. அவர் செய்யத்தக்கது போலீசாரை அழைப்பது. அதற்கும் முன்னால், ஒலிபெருக்கியில் வண்டி எண்ணைச் சொல்லி உரியவரைக் கூப்பிடுவது.

வண்டியைப் பற்றி இத்தனை சட்டங்கள் இருக்கின்றன. அதை ஓட்டி வந்தவரைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு, கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதியும் கழிப்பறையும் அமைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. இரவெல்லாம் ஸ்டியரிங்கின்மேல் தலை சாய்த்துக் கிடந்துவிட்டு விடியற்காலையில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவரின் கையில்தான் நம் குழந்தைகளின் உயிர் இருக்கிறது என்பதை யாரோ ஓர் அதிகாரி எண்ணிப் பார்த்திருக்கிறார். வண்டிப்பேட்டைத் திண்ணை நூறு ஆண்டு கழித்து விதிப்புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டது. விதி எல்லா விடுதிகளிலும் கட்டடமாக எழுந்துவிட வேண்டும். அது வேறு விஷயம்.

இந்த ஆண்டு மறுபடியும் அதே மூன்று குடும்பத்தார் புறப்பட்டோம். அதே ஓட்டுநரையே வரச் சொன்னோம். இடம் பதிவு செய்வதற்கு முன் நான் நான்கு விடுதிகளுக்குத் தொலைபேசி செய்து இரண்டு கேள்விகள் கேட்டேன். வேன் உள்ளே நிற்கலாமா? ஓட்டுநர் எங்கே படுப்பார்? முதல் மூன்று இடங்களில், நீச்சல் குளத்தின் நேரத்தையும் காலைச் சிற்றுண்டியின் வகைகளையும் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள், இரண்டாவது கேள்வி வந்ததும், மேலாளரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான்காமிடத்தில் ஒரு பெண்மணி சற்றும் தயங்காமல், "சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, மின்விசிறியும் கட்டிலும் உண்டு, சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் இல்லை" என்றார். அங்கேயே போனோம்.